எனக்கெல்லாம் சுகர் கிடையாது

ஏன் தாயி, அந்தப் பேப்பரையே இப்பிடி வெறிச்சுப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்க? மொதத் தடவையா? அதான் மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே. கொஞ்சம் தள்ளி ஒக்காரு. வெறும் வயித்துல ரத்தம் குடுத்தாச்சு, எதுத்த கடையில ரெண்டு இட்லி தின்னாச்சு, இனிமே ரெண்டு மணி நேரம் கழிச்சு மறுபடியும் குத்துவாக. அதுவரைக்கும் நீயும் நானும் இந்தப் பெஞ்சுலதான்.

எனக்கு எத்தன வருசமாவா? எனக்கெல்லாம் சுகர் கிடையாது தாயி. சிரிக்காத, நெசமாத்தான் சொல்றேன். எனக்கு இருக்கறது கொரோனா சுகர். அது வேற. கொரோனா வந்துட்டுப் போச்சுல்ல, போகும்போது இத விட்டுட்டுப் போயிருச்சு. வாடகைக்கு இருந்தவன் காலி பண்ணும்போது ஒடஞ்ச கட்டில விட்டுட்டுப் போவான்ல, அந்த மாதிரி. இத டாக்டர்கிட்டச் சொன்னா ஒத்துக்க மாட்டேங்கறாக. எங்க சம்பந்தியம்மா சுத்தமா ஒத்துக்க மாட்டாக. அவுகளாலதான் தாயி எனக்கு இம்புட்டும். நீயே கேட்டுட்டு ஞாயத்தச் சொல்லு.

என் பேரு பேச்சியம்மா. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி 'பேச்சி பால்கோவா'ன்னு போர்டு இருக்கும், பாத்திருப்ப. அது நம்ம கடைதான். வீட்டுக்காரர் தவறின பெறகு நானேதான் பாக்குறேன். அடுப்புல அய்யனார்னு ஒருத்தர் நிக்கிறாரு, கல்லால நான். ஒரே மகன், செண்பகராஜ், மதுரையில வேலை. இந்த ஊரு பால்கோவாவப் பத்தி உனக்கு நான் சொல்லணுமா. ஆனா ஒன்னு, ஒவ்வொரு ஈடு எறக்கும்போதும் ஒரு கரண்டி எடுத்து வாயில போட்டுப் பாக்கணும். பதம் பாக்காம விக்கறது பாவம். திங்கறது வேற தாயி, பதம் பாக்கறது வேற. திங்கறதுன்னா தட்டுல வச்சு, ஒக்காந்து திங்கணும். நான் ஒரு நாளும் ஒக்காந்ததில்ல. நின்னுக்கிட்டேதான்.

அப்பவும் ஒரு வியாதி கிடையாது எனக்கு. தண்ணி மட்டும் நிறையக் குடிப்பேன். இந்த ஊரு வெயிலுக்கு யாருதான் குடிக்கல? கால்ல செருப்புக் கடிச்சு ஒரு புண்ணு, வருசம் பாதி ஆறாமக் கெடந்துச்சு. செருப்பு அப்பிடி. அந்தக் கடைக்காரன்கிட்டப் போயிச் சண்டையே போட்டேன். பாத்ரூம்ல எறும்பு வரும். பால்கோவாக்காரி வீட்டுல எறும்பு வராம வேற எங்க வரும்?

சம்பந்தியம்மா கதைக்கு வாரேன். பேரு கமலவேணி. ராஜபாளையம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல ஆபரேட்டரா இருந்து ரிட்டயரானவுக. ஒத்த மக, தாரணி, அந்தப் புள்ளதான் என் மருமக. சம்பந்தியம்மாவுக்கும் வீட்டுக்காரர் இல்ல. குரல் இருக்கே, அந்தக் காலத்து ட்ரங்க் கால் குரல். பக்கத்துல ஒக்காந்து பேசுனாலும் டெல்லிக்குப் பேசற மாதிரிதான் பேசுவாக.

நிச்சயத்தன்னைக்கு நான் ஒரு பெரிய தாம்பாளம் நிறைய பால்கோவா கொண்டு போறேன். அன்னைக்கு எறக்குன சூடு. நானே கையால எடுத்து நீட்டுறேன். அத்தன பேரு முன்னாடி அந்தம்மா கையெடுத்துக் கும்பிட்டு, "மன்னிக்கணும் சம்பந்தி, எனக்கு சுகர். பதினஞ்சு வருஷமா இனிப்பத் தொடுறதில்ல"ன்னு அந்தக் குரல்ல சொல்றாக. மண்டபத்துல சமையக்கட்டு வரைக்கும் கேட்டிருக்கும். மாப்பிள்ள வீட்டு இனிப்பு தாயி! ஒரு விள்ளல் நாக்குல வச்சா செத்தா போயிருவாக? கல்யாணத்தன்னைக்கும் அப்பிடித்தான். பந்தியில ஒக்காந்துக்கிட்டு, இலையில சோறு விழுமுன்னாடி பையில இருந்து மிஷின எடுத்து விரல்ல குத்திப் பாக்குறாக. பக்கத்துல இருந்த எங்க சித்தப்பா அந்த ரத்தத்தப் பாத்துட்டு அப்பளத்தக் கீழ போட்டுட்டாரு.

அன்னையில இருந்து எனக்கு அவுகளக் கண்டாலே ஆகாது. வெளிய காட்டிக்க மாட்டேன். "வாங்க சம்பந்தி, ஒங்களுக்குச் சீனி இல்லாத காப்பி போடவா?"ன்னு ரொம்ப மரியாதையாத்தான் கேப்பேன். 'சீனி இல்லாத'ங்கறத மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்வேன்.

ரெண்டாவது அலை வந்துச்சுல்ல, அந்த வருசம். அப்பத்தான் மகன் மதுரையில வீடு கட்டி முடிச்சான். பால் காய்ச்சணும். கூட்டம் கூட்டக் கூடாதுன்னுட்டாக. நாங்க நாலே பேரு. இங்கயிருந்து ஒரு கார் வச்சு நானும் சம்பந்தியம்மாவும் போனோம். கார்ல அவுக இருமுனாக. என் காதால கேட்டேன். ஒரு தடவ, லேசா. எனக்கும் அதுக்கு ரெண்டு நாளைக்கு முந்தியே தொண்டை கரகரன்னு இருந்துச்சு, மேலு காந்துச்சு, ஆனா அது வெயில் சூடு. கடையில கூட்டம் வேற. மாஸ்க்கு போட்டுத்தான் இருந்தேன். பதம் பாக்கும்போது மட்டும் தாடைக்கு எறக்கி விட்டுக்கிருவேன். சொல்லு, கொரோனாவக் கொண்டு வந்தது யாரு? அவுகதான்.

பால் பொங்குச்சு. மூணாம் நாள் நாலு பேருக்கும் காய்ச்சலும் பொங்குச்சு. மகனுக்கும் மருமகளுக்கும் லேசாத்தான். வீட்டுல ஒரு ரூமுக்குள்ள இருந்துக்கங்கன்னுட்டாக. எங்க ரெண்டு பேரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டாக. பெட்டு கெடைக்கறதே பெரும்பாடா இருந்த நேரம். வாசல்ல ஆம்புலன்சு வரிசை கட்டி நிக்குது. எப்பிடியோ அடுத்தடுத்து ரெண்டு பெட்டு கெடச்சுச்சு. எனக்குப் பக்கத்துல வேற யாரையாவது போட்டுருக்கக் கூடாதா? அவுகளத்தான் போட்டாக.

ஒரு டாக்டர் புள்ள வந்துச்சு. ஒடம்பு பூரா வெள்ளை உறை, கண்ணு மட்டும் தெரியுது. நெஞ்சுல பேனாவால 'மலர்விழி'ன்னு எழுதி ஒட்டியிருந்துச்சு. "பாட்டிம்மா, சுகர் இருக்கா?"ன்னுச்சு. மொதல்ல எனக்குப் பாட்டிம்மாவே பிடிக்கல. "கிடையாது"ன்னேன். பக்கத்துப் பெட்டுல இருந்து டெல்லிக்குப் போன் பேசற குரல் வருது: "டாக்டர், ஒரு தடவ டெஸ்ட் பண்ணிப் பாத்துருங்க. அவங்க இதுவரைக்கும் பாத்ததே இல்ல." கேட்டியா? அவுக மாத்திர, அவுக ஊசின்னு இருக்க வேண்டியதுதான? எதுக்கு என் பக்கம் லைன் போடணும்?

குத்திப் பாத்தாக. முந்நூத்தி எம்பதோ என்னமோ காட்டுச்சு. "பயத்துல ஏறியிருக்கும் டாக்டர்"ன்னேன். அந்தப் புள்ளை இன்னொரு ரத்தம் எடுத்து அனுப்புச்சு. மூணு மாச சுகர்னு ஒரு டெஸ்ட்டு இருக்காம்ல, உனக்கும் எழுதியிருப்பாக. மறுநா வந்து, "அம்மா, காய்ச்சல் வந்து நாலஞ்சு நாள்தான் ஆகுது. இந்த டெஸ்ட்டு மூணு மாசத்துக் கதையச் சொல்லும். உங்களுக்குச் சுகர் பல வருஷமாவே இருந்திருக்கு"ன்னுச்சு. "மூணு மாசத்துக்கு முன்னாடியே கொரோனா நாட்டுக்குள்ள வந்துருச்சே தாயி?"ன்னு கேட்டேன். அந்தப் புள்ளை அடுத்த பெட்டுக்குப் போயிருச்சு. படிச்ச புள்ளதான், ஆனா மடக்கிட்டேன்.

பெறகு எனக்கு மூச்சு எளைக்க ஆரம்பிச்சுச்சு. விரல்ல ஒரு கிளிப்பு மாட்டுவாகள்ல, அதுல நம்பரு எறங்கிக்கிட்டே போகுது. மூஞ்சியில ஆக்சிஜன் மாட்டிட்டாக. குப்புறப் படுன்னாக. பொறந்ததுல இருந்து மல்லாக்கப் படுத்தவள! குப்புறப் படுத்தா எனக்கு என் வயிறே தலைகாணி. ஆனா அப்பிடிப் படுத்தா மூச்சு லேசா இருந்துச்சு, அதச் சொல்லணும்.

டாக்டர் புள்ளை மகன்கிட்டப் போன்ல பேசுனது எனக்குக் கேட்டுச்சு. "நுரையீரல்ல பாதிப்பு கூடுது. ஸ்டீராய்டு குடுத்தே ஆகணும். குடுத்தா சுகர் இன்னும் ஏறும். ஏற்கனவே ஏறித்தான் நிக்குது. அதனால இன்சுலின் கூடவே போட்டுக் கட்டுப்பாட்டுல வச்சுக்கிட்டே குடுக்கணும். ஒரு கயித்து மேல நடக்கற மாதிரிதான்." மகன் என்ன சொன்னான்னு எனக்குக் கேக்கல. அந்தப் புள்ளை மட்டும் ரொம்ப நேரம் "அழாதீங்க சார், அழாதீங்க"ன்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு.

சம்பந்தியம்மாவுக்கு? ஒன்னும் பெருசா இல்ல. ரெண்டு நாள் லேசா ஆக்சிஜன், பெறகு அதுவும் வேணாம்னுட்டாக. பதினஞ்சு வருசமாச் சுகர் இருக்குன்னு ஊருக்கெல்லாம் ட்ரங்க் கால் போட்டுச் சொல்றவுக எந்திரிச்சு நடக்குறாக. சுகரே இல்லாத நான் குப்புறக் கெடக்கேன். எந்த ஊரு ஞாயம் தாயி இது?

எந்திரிச்சு நடந்தவுக சும்மா நடந்தாகளா? என் மேல வேலை பாக்க ஆரம்பிச்சுட்டாக. அப்ப கறுப்புப் பூஞ்சைன்னு ஒன்னு பேசிக்கிட்டாகள்ல, சுகர்காரவுகளுக்கு மூக்கு வழியா வருதுன்னு. காலையில எந்திரிச்சதும் செல்போன் லைட்ட அடிச்சு, "மூக்கக் காட்டுங்க சம்பந்தி"ம்பாக. மாப்பிள்ளையப் பெத்தவ மூக்குக்குள்ள பொண்ணப் பெத்தவ லைட்டடிச்சுப் பாக்குற கொடுமைய எங்கயாவது கேட்டிருக்கியா? "கன்னம் வலிக்குதா? கண்ணு மங்கலாத் தெரியுதா?"ன்னு கேள்வி வேற. "ஒங்கள மட்டும் மங்கலாத் தெரிஞ்சா நல்லாருக்கும்"ன்னு ஒரு நாள் சொல்லிட்டேன். அதுக்கு அவுக, "பேச முடியுதில்ல, அப்பச் சரி"ன்னுட்டுப் போயிட்டாக.

எனக்கு எதுத்த பெட்டுல உசிலம்பட்டியம்மா ஒருத்தி இருந்தா. என் வயசுதான். அவளுக்கும் சுகரு. மாத்திர வாங்கறத ரெண்டு வருசத்துக்கு முந்தியே நிறுத்திட்டேன், கசாயம்தான் குடிக்கேன்னு சொன்னா. நல்லாச் சிரிக்கச் சிரிக்கப் பேசுவா. மாஸ்க்க மாட்டிக்கிட்டே கையால ஜாடை காட்டி டாக்டர் புள்ள நடக்கற மாதிரி நடிப்பா. ஒரு நா மத்தியானம் நான் கண்ணசந்து முழிக்கேன், எனக்கு முன்னாடி சம்பந்தியம்மா ஒரு போர்வைய விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாக. "என்ன செய்யிறீக?"ன்னு கேட்டேன். "போர்வைய மடிக்கிறேன்"னாக. மடிக்கறவுக மடிக்க வேண்டியதுதான? விரிச்சபடியே பிடிச்சுக்கிட்டு நிக்கிறாக. ஃபேன் காத்தே எனக்கு வரல. அந்தப் பக்கம் ஏதோ வண்டி தள்ளற சத்தம் மட்டும் கேட்டுச்சு. போர்வைய எறக்குன பெறகு பாத்தா உசிலம்பட்டியம்மா பெட்டு காலி. "நல்லாயி வீட்டுக்குப் போயிட்டாங்க சம்பந்தி"ன்னாக. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாமப் போயிட்டாளேன்னு எனக்கு மனசு விட்டுப் போச்சு. போன் நம்பரு குடுத்திருந்தேன். இன்னைக்கு வரைக்கும் ஒரு போன் இல்ல பாரு.

அந்த வருத்தத்துலதான் தாயி எனக்கு வாய் கேட்டுச்சு. இல்ல, வாய்னு சொல்லக் கூடாது. கடை ஞாபகம். நான் இல்லாத அடுப்புல அய்யனாரு என்ன செய்யுறாரோ, பதம் சரியா வருதோ இல்லையோன்னு கவலை. கடைக்காரிக்குக் கவலை இருக்காதா? போன் போட்டு அவருகிட்ட மெதுவாச் சொன்னேன். மதுரைக்குப் பால் வண்டி வரும்ல, அந்த டிரைவர்கிட்ட ஒரு தூக்குச்சட்டி குடுத்து விட்டாரு. கீழ ஒரு டப்பாவுல பால்கோவா, மேல ஒரு தட்டுல இட்லி. ஆஸ்பத்திரி வாசல்ல பெட் நம்பர எழுதிக் குடுத்தா மேல கொண்டு வந்து தந்துருவாக. வந்துருச்சு.

சம்பந்தியம்மா குளிக்கப் போன நேரம் பாத்துப் போர்வைய தலையோட மூடிக்கிட்டேன். மாஸ்க்கக் கழட்டி ஒரு வாய், மாட்டிக்கிட்டு ஒரு மூச்சு. கழட்டி ஒரு வாய், மாட்டிக்கிட்டு ஒரு மூச்சு. என்ன சொல்றேன்னா, தீ கொஞ்சம் கூட வச்சுட்டாரு அய்யனாரு. பதம் முந்திருச்சு. சந்தேகமா இருந்துச்சா, மறுபடி மறுபடி பாத்தேன். சாயந்தரமும் பாத்தேன். மறுநாக் காலையிலயும் பாத்தேன். நர்ஸுப் புள்ள குத்திப் பாத்துட்டு இன்சுலினக் கூட்டிப் போட்டுட்டுப் போச்சு. ஸ்டீராய்டுனால ஏறுதுன்னு அது நெனச்சுக்கிருச்சு.

அன்னைக்கு மத்தியானத்துல இருந்து எனக்கு ஒரே தாகம். வயிறு பெசையுது. வாந்தி வாற மாதிரி. கண்ணு சொருகுது. மூச்சு, ஓடிட்டு வந்த நாய் மாதிரி வாங்குது. விரல் கிளிப்புல பாத்தா நம்பரு அம்புட்டு மோசமில்ல. அதனால யாரும் கிட்ட வரல, அவுகவுகளுக்கு அவுகவுக பெட்டு. சம்பந்தியம்மா வந்து என் மூஞ்சிகிட்டக் குனிஞ்சு பாத்தாக. "சம்பந்தி, என்னயப் பாருங்க. நான் யாரு, சொல்லுங்க"ன்னாக. நான் என்ன சொன்னேன்னு எனக்கே தெரியாது. "சீனி இல்லாத காப்பி"ன்னு சொன்னேனாம்.

தலைகாணிய நகத்தியிருக்காக. டப்பா கெடச்சிருச்சு.

அந்தம்மா போட்டுச்சு பாரு ஒரு சத்தம்! எனக்கு அந்த மயக்கத்துலயும் கேட்டுச்சு. "டாக்டர்! பதினாறாம் நம்பர் பெட்! உடனே வாங்க! மூச்சு சரியில்ல, பேச்சு கொழறுது, பால்கோவா சாப்பிட்டிருக்காங்க!" கடைசி ரெண்டு வார்த்தையும் எதுக்கு தாயி? அத மெதுவாச் சொல்லியிருக்கலாம்ல? ரெண்டு மாடிக்குக் கேட்டிருக்கு. ஆம்பளைங்க வார்டுல இருந்து ஒருத்தரு எட்டிப் பாத்தாராம். டப்பாவக் கைல தூக்கிக் காட்டிக்கிட்டே டாக்டர் புள்ள பின்னாடி ஓடியிருக்காக. டப்பா மேல என் கடைப் பேரு வேற. ஊரு பூராவும் பேரு வாங்குன கடை தாயி. மானம் போச்சு. என்னையக் காட்டிக் குடுத்துட்டாக. அதுதான் எனக்கு அவுக மேல இருக்கற கோவம். மத்ததெல்லாம் நான் மன்னிச்சுட்டேன்.

என்னைய உள்ள கொண்டு போயிட்டாக. தீவிர சிகிச்சை. அங்க நடந்தது எதுவும் எனக்கு நெனப்புல இல்ல. பின்னால டாக்டர் புள்ள சொல்லுச்சு, சுகர் ரொம்ப ஏறி ரத்தத்துல அமிலம் கூடிருச்சாம். புளிச்சுப் போன மாதிரின்னு வச்சுக்கோ. "இன்னும் கொஞ்ச நேரம் கவனிக்காம விட்டிருந்தா எங்களாலயும் முடிஞ்சிருக்காது. சத்தம் போட்டாங்களே உங்க சம்பந்தி, அவங்களக் கும்பிடுங்க"ன்னுச்சு. எனக்கு ஒன்னுதான் புரியல. பால்கோவாத் தின்னா ரத்தம் எப்பிடிப் புளிக்கும்? நாங்க என்ன கெட்டுப் போன பால்லயா செய்யுறோம்?

உள்ள இருந்து வெளிய வார்டுக்கு வந்தப்ப பக்கத்துப் பெட்டுல வேற யாரோ. சம்பந்தியம்மா வீட்டுக்குப் போயிட்டாகளாம். சரி, சனியன் விட்டுச்சுன்னு நெனச்சேன். விடல. மகன் வீட்டுல இருந்துக்கிட்டு வார்டு நம்பருக்குப் போன் போட்டுக்கிட்டே இருந்திருக்காக. ஒருத்தர் எடுக்கலன்னா அடுத்த நம்பரு, அதுவும் எடுக்கலன்னா அதுக்கு அடுத்த நம்பரு. "பதினாறாம் நம்பர் பெட்டு என்ன சாப்பிட்டாங்க? சுகர் எவ்வளவு? மூக்கப் பாத்தீங்களா?" நர்ஸுப் புள்ளைக என்னையப் பாத்துச் சிரிக்கும். "உங்கம்மாவா பாட்டி?"ன்னு ஒருத்தி கேட்டா. எனக்குக் கூச்சமாப் போச்சு.

டாக்டர் புள்ளைகிட்ட ஒரு நாள் கேட்டே விட்டேன். "அவுகளுக்குப் பதினஞ்சு வருசமாச் சுகரு. எனக்கு ஒன்னும் கிடையாது. அவுக நடந்து போயிட்டாக, நான் செத்துப் பொழச்சேன். இது என்ன கணக்கு?" அன்னைக்கு வார்டு கொஞ்சம் ஓஞ்சிருந்துச்சு. அந்தப் புள்ள ஸ்டூல இழுத்துப் போட்டு ஒக்காந்துச்சு. "அம்மா, சுகர் இருந்தா கொரோனா கொஞ்சம் கடுமையாத்தான் வரும். அவங்களுக்கும் அந்த ஆபத்து இருந்துச்சு. ஆனா அவங்க பதினஞ்சு வருஷமா அதக் கயித்தக் கட்டிப் பிடிச்சு வச்சிருக்காங்க. உங்களது அவுத்துவிட்ட மாடு மாதிரி ஒடம்புக்குள்ள மேஞ்சுக்கிட்டு இருந்திருக்கு. ரத்தத்துல சுகர் அப்பிடி நின்னா ஒடம்பால கிருமியோட சரியாச் சண்ட போட முடியாது. இருக்குன்னு தெரிஞ்சு பாத்துக்கிட்டவங்க அவங்க. தெரியாமலே இருந்தவங்க நீங்க. வித்தியாசம் அதான்"னுச்சு. பாவம், தூங்கி எத்தன நாளாச்சோ, கண்ணெல்லாம் செவந்து கெடந்துச்சு. அதனால நான் எதுத்துப் பேசல. சரிம்மான்னுட்டேன்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது, வீட்டுலயும் இன்சுலின் போட்டுக்கணும்னுட்டாக. எனக்கு ஊசின்னாலே பயம். மகன், "மதுரையிலயே இரும்மா"ன்னான். கடைய யாரு பாக்கறது? நான் ஊருக்குத்தான் வருவேன்னு ஒத்தக்கால்ல நின்னேன். வந்து எறங்குறேன், வாசல்ல ஒரு பையோட நிக்கிறாக சம்பந்தியம்மா. "பத்து நாள் இருந்து ஊசி போடப் பழக்கிட்டுப் போறேன்"னாக.

பத்து நாளா? நல்லாச் சொன்னாக. அம்புட்டு வருசமா என் இஷ்டத்துக்கு இருந்த வீடு. வெல்ல டப்பாவுக்குப் பூட்டு. அரிசிச் சோறு கரண்டிக் கணக்கு. காலையில தேரோடுற வீதியச் சுத்தி நடக்கணும். நான் பாதி வழியில தெரிஞ்சவுககிட்ட நின்னு பேசிக்கிட்டு இருந்தா, "லைன்ல இருக்கவங்களக் கட் பண்ணிட்டு வாங்க சம்பந்தி"ன்னு அந்த முக்குல இருந்து கத்துவாக. காலு ரெண்டையும் எடுத்து மடியில வச்சுக்கிட்டு விரல் இடுக்குல எல்லாம் புண்ணு இருக்கான்னு பாப்பாக. பொண்ணப் பெத்தவுக மடியில என் காலு! ஊரு என்ன சொல்லும்? நான் இழுத்துக்குவேன். விட மாட்டாக.

கடைக்குள்ளயும் வந்துட்டாக. பதம் பாக்கறது இனிமே அய்யனாருதானாம், நான் கிட்டயே போகக் கூடாதாம். கல்லாவுல போன் வந்தா அவுகதான் எடுக்கறது. "பேச்சி பால்கோவா, வணக்கம். லைன்ல இருங்க." அந்தக் குரலக் கேக்கறதுக்குன்னே சென்னையில இருந்து ஆர்டர் வருதுன்னு அய்யனாரு சொல்றாரு. யாவாரம் கூடிருச்சுதான், இல்லங்கல. ஆனா எனக்குன்னு ஒரு மரியாதை வேணாமா? ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒக்காந்தா ரெண்டு பேரும் டி.வி.யப் பாத்து ஒரே ஆளத் திட்டுவோம். அது ஒன்னுதான் ஒத்துப் போகும்.

இப்பிடியே வருசம் திரும்பிருச்சு. ஊசி அளவு கொறஞ்சுக்கிட்டே வந்துச்சு. ஒரு நாள் இந்த ஊரு டாக்டர், "இனிமே ஊசி வேணாம்மா, மாத்திர போதும். நல்லாப் பாத்துக்கிட்டீங்க"ன்னாரு. எனக்கு அப்பிடி ஒரு சந்தோசம் வந்திருக்கணும். வரல. ஏன்னு தெரியல, பசியா இருந்திருக்கும். வீட்டுக்கு வந்ததும் சம்பந்தியம்மா அவுக சேலையெல்லாம் மடிச்சுப் பையில வச்சாக. "ஊசி போடத்தான வந்தேன். நாளைக்குக் காலையில பஸ்ஸுக்குக் கெளம்புறேன். பூட்டிக் கெடக்கற வீடு, தூசி அடைஞ்சிருக்கும்"னாக. நல்லதாப் போச்சுன்னு சொன்னேன். ரெண்டு தடவ சொன்னேன். அவுக பைய இழுத்து மூடுனாக. வழக்கமா ஒன்னுக்கு ஒம்பது பேசறவுக.

அது மாம்பழ சீசன். ராஜபாளையத்துச் சப்பட்ட மாம்பழம் அவுகளுக்கு யாரோ குடுத்து விட்டிருந்தாக. என்னையத் தொடவே விடாம ஒளிச்சு வச்சிருந்தாக. அன்னைக்குச் சாயந்தரம் நான் அடுப்படிக்குத் தண்ணி குடிக்கப் போறேன், மேசை மேல தட்டுல ரெண்டு பழம், அழகாச் சீவி, துண்டு துண்டாப் போட்டு, மூடக்கூட இல்லாம இருக்கு. வெல்ல டப்பாவப் பூட்டி வைக்கறவுக தாயி! கெளம்பற அவசரத்துல மறந்துட்டாக போல. பழம் கறுத்துப் போயிரும்ல. வீணாப் போறத யாரு பாத்துக்கிட்டு இருப்பா? நின்னுக்கிட்டேதான் தின்னேன். தட்டக் கழுவிக் கவுத்து வச்சுட்டேன்.

மறுநாக் காலையில கெளம்பறதுக்கு முன்னாடி, "கடைசியா ஒரு தடவ பாத்துருவோம், விரலக் குடுங்க"ன்னாக. குத்துனாக. மிஷினப் பாத்தாக. என்னையப் பாத்தாக. நான் அன்னைக்குன்னு ரொம்பச் சோர்வா மூஞ்சிய வச்சிருந்தேன். வச்சிருந்தேன்னா, சோர்வாத்தான் இருந்துச்சு.

"இப்பிடி ஏறியிருக்கே சம்பந்தி. ஒங்கள விட்டுட்டு எப்பிடிப் போறது?"ன்னாக.

"நான் என்ன செய்யட்டும்? என் ஒடம்பு அப்பிடி"ன்னேன்.

ஒரு வார்த்த திட்டல தாயி. எதத் தின்னீகன்னு கேக்கல. மாம்பழத் தட்டு எங்கன்னும் தேடல. பைய எடுத்துக்கிட்டு உள்ள போயி, சேலைகள ஒவ்வொன்னா எடுத்துப் பழைய எடத்துலயே அடுக்குனாக. அடுக்கும்போது என்னமோ ஒரு பாட்ட முனங்கிக்கிட்டே அடுக்குறாக. அது ஆச்சு ரெண்டு மூணு வருசம். இன்னும் போற பேச்சே எடுக்கல. நானும் கேக்கல. பாவம், வயசாயிருச்சு, அறுத்து வச்ச மாம்பழத்த மூடி வைக்கணும்ங்கற நெனப்புகூட இல்லாமப் போச்சு. அந்த நெலமையில இருக்கறவுகளத் தனியா அந்த வீட்டுக்கு எப்பிடித் தாயி அனுப்பறது?